ஓதம் ஏறும் பாறை

தேநீர்க் கோப்பையைக் கையில் வாங்கிக்கொண்ட நார்மன், "ரொம்ப நன்றி ஷீனா" என்றான்.

நீட்டிய கை நீட்டியபடியே நின்றுவிட்டது அவளுக்கு. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவன் வாயில் அவள் கேட்காத வார்த்தை அது. சூடு போதாது என்பான். சர்க்கரை தூக்கல் என்பான். சில நாள் ஒன்றும் சொல்லாமல் கோப்பையைச் சாய்த்துத் தரையில் கொட்டிவிட்டு, அவள் துணியெடுத்துத் துடைக்கிறவரை அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருப்பான். இன்றைக்கு இரண்டு கையாலும் கோப்பையை ஏந்திக்கொண்டு, ஆவியில் முகத்தைக் காட்டியபடி, நன்றி என்கிறான்.

அவனுடைய மழைக்கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டிப் படகின் பலகையில் ஓடிக்கொண்டிருந்தது. கடற்பாசி வாடை அடித்தது. அதற்கும் அடியில் இன்னொரு வாடை, வெகுகாலம் மூடிக் கிடந்த கிணற்றை யாரோ திறந்துவிட்டாற்போல.

"குளிருதா நார்மன்?"

"எனக்கென்ன. உனக்குத்தான் குளிரும். இவ்வளவு நேரம் வெளியிலயே நின்னிருக்க." எழுந்து வந்து அவள் கழுத்துத் துணியைச் சரியாகச் சுற்றிவிட்டான். விரல் பட்ட இடம் சில்லிட்டது. ஆனால் நோகவில்லை. அவன் விரல் பட்டு நோகாமல் இருந்ததே அவளுக்கு ஏதோ தப்பு நடந்ததுபோல இருந்தது.

ஸ்காட்லாந்தின் ஓபன் துறைமுகத்தில் புறப்பட்டு நாலைந்து நாளாகிறது. லாக்லன் என்கிற பாரா தீவுக்காரனின் பாய்மரப் படகு. அவனுக்கு உதவிக்கு ஆள் கிடையாது. ஏறுகிறவர்கள்தான் கயிறு இழுக்க வேண்டும், சமைக்க வேண்டும், பாத்திரம் கழுவ வேண்டும். இந்த முறை ஏறியவர்கள் மூன்றே பேர். பெய்ஸ்லியில் கார் விற்கும் நார்மன், மருந்துக்கடையில் நிற்கும் அவன் மனைவி ஷீனா, டண்டியிலிருந்து வந்த எஃபி ரேபர்ன் என்கிற விதவை. முதல் நாளே எஃபியிடம் நார்மன் சொல்லிவிட்டான்: "இவ வச்ச சூப்பைக் கொஞ்சம் ஜாக்கிரதையா குடிங்க. எங்க வீட்டுப் பூனை அதைக் குடிச்சுட்டுத்தான் போய்ச் சேந்துச்சு." எஃபி விழுந்து விழுந்து சிரித்தாள். நார்மன் நன்றாகச் சிரிக்க வைப்பான். எல்லோருக்கும் அவனைப் பிடிக்கும்.

முந்தாநாள் மிங்குலே தீவைத் தாண்டும்போது அலை அடித்துப் புரட்டியது. ஷீனா கழிப்பறைக்குள் போய் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தபோது அவன் வெளியே தாழ்ப்பாளைப் போட்டுவிட்டான். அலமாரி மாதிரியான அறை. சுவரில் இடித்து இடித்து அவள் முழங்கை வீங்கிவிட்டது. கதவைத் தட்டினாள், கத்தினாள். வெளியே அவன் சிரிப்பும், சற்றுக் கழித்து எஃபியின் சிரிப்பும் கேட்டன. "விளையாட்டும்மா. எங்க ரெண்டு பேருக்குள்ள இது எப்பவும் நடக்கறது" என்று அவன் எஃபிக்கு விளக்கம் சொன்னது கேட்டது. திறந்துவிடும்போது அவள் காதருகே குனிந்து, "மூஞ்சியைத் தொடைச்சுக்க, மந்தி" என்றான். அந்தப் பெயர் அவர்கள் இருவருக்கு மட்டும் தெரிந்தது. ஆள் இருக்கும்போது அவன் அதைச் சொல்ல மாட்டான்.

இன்று பிற்பகல் பெயர்கூட யாருக்கும் நினைவில்லாத ஒரு தீவின் மறைவில் நங்கூரம் போட்டார்கள். தீவுக்கு முன்னால் தட்டையான ஒரு கரும்பாறை. கடல் வற்றும்போது தலைகாட்டும், ஏறும்போது மூழ்கிப்போகும். பாறை நிறையக் கடல்நாய்கள் படுத்திருந்தன. படம் எடுக்கிறேன் என்று நார்மன் சிறு தோணியை இறக்கித் தனியாகத் துடுப்புப் போட்டுப் போனான். அவன் போன கொஞ்ச நேரத்தில் கடல்நாய்கள் எல்லாம் ஒரே சமயத்தில், ஏதோ கட்டளை கேட்டதுபோல, தண்ணீரில் சரிந்தன. பிறகு மூடுபனி வந்தது. பாறை போயிற்று, தீவு போயிற்று, கடைசியில் படகின் மூக்குக்கூடத் தெரியாமல் போயிற்று. நார்மனுக்குத் திசை தெரியட்டும் என்று லாக்லன் விட்டு விட்டு மணி அடித்தான்.

வெகுநேரம் கழித்துத் தோணி வந்தது. துடுப்பு தண்ணீரில் விழுகிற சத்தமே இல்லை. வெள்ளைக்குள்ளிருந்து முதலில் முதுகு தெரிந்தது, பிறகு திரும்பிய முகம். நார்மன்தான். லாக்லன் கயிற்றை வாங்கிக் கட்டினான். எஃபி, "அப்பாடா" என்று கீழே போய் அடுப்பைப் பற்றவைத்தாள். ஷீனா தேநீர் கலந்துகொண்டு வந்து கொடுத்தாள்.

கழுத்துத் துணியின் முடிச்சில் அவன் கை இன்னும் இருக்கும்போதுதான் அந்தக் குரல் கேட்டது.

"ஷீ...னா..."

பனி சத்தத்தைப் பிசைந்து எங்கெங்கோ அப்பிவிடும். ஆனாலும் அது வந்த திசை சந்தேகத்துக்கு இடமில்லாமல் பாறையின் திசை. குரல் நார்மனுடையது. எதிரே நின்ற நார்மனின் வாய் மூடியிருந்தது.

கயிறு சுருட்டிக்கொண்டிருந்த லாக்லன் நிமிரவில்லை. சுருட்டுவதை மட்டும் நிறுத்தினான்.

கீழிருந்து எஃபி தலையை நீட்டினாள். "யாரோ கூப்பிடற மாதிரி இருக்கே?"

"கடல்நாய்" என்றான் நார்மன். "குட்டி தவறிப்போச்சுன்னா மனுஷங்க மாதிரியே கத்தும். பாவம்."

"ஐயோ, அப்படியா." எஃபியின் தலை உள்ளே போயிற்று. அடுப்பில் சட்டி வைக்கும் ஓசை கேட்டது.

"ஷீனா! அது நான் இல்ல! தோணியை எடுத்துட்டு வந்துட்டான்... நான் பாறையில நிக்கறேன்... கேக்குதா?"

ஷீனா நார்மனைப் பார்த்தாள். அவன் தேநீரின் கடைசி வாயைக் குடித்துவிட்டு, கோப்பையைத் தானே அலசிக் கவிழ்த்து வைத்தான். அவசரமே இல்லை. அவளைப் பார்த்துச் சிரித்தான். யாரையும் சிரிக்க வைக்கிற சிரிப்பு இல்லை அது. அவளுக்காக மட்டும் சிரித்த சிரிப்பு. புதுசு.

காற்று ஒரு மூச்சு விட்டது. பனியில் கதவு மாதிரி ஒரு திறப்பு உண்டாயிற்று. அதன் கோடியில் பாறை. பாறைமேல் ஒரு ஆள், அதே மழைக்கோட்டில், ஒரு காலில் பூட்ஸ் இல்லாமல், இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தான். நெற்றியில் ரத்தம் வழிந்து ஒரு கண்ணை மூடியிருந்தது. அவன் காலைச் சுற்றித் தண்ணீர் பளபளத்தது. பிறகு கதவு சாத்திக்கொண்டது.

லாக்லனும் பார்த்தான். நார்மனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஷீனாவின் பக்கத்தில் வந்து நின்று, உதடு அசையாமல் பேசினான்.

"ஷீனா, இந்தப் பக்கத்துல கடல்ல போன ஆள் மாதிரியே வேறொண்ணு திரும்பி வரும்னு எங்க ஆளுங்க சொல்லுவாங்க. நான் நம்பினதில்ல. நீங்க சொன்னா தோணியை எடுத்துட்டுப் போறேன். சாமி சத்தியமா பயமா இருக்கு, ஆனாலும் போறேன். ஆனா நானா போக மாட்டேன். உங்க வாயால சொல்லணும். உங்க புருஷன் இந்தப் படகுல இருக்காரா, இல்லியா?"

இல்லை என்று சொல்லத்தான் அவள் நினைத்தாள். நாக்கு மேலண்ணத்துக்கு ஏறிவிட்டது, முதல் எழுத்துகூட உருவாகிவிட்டது.

"காது செவிடாடி? மந்தி! அடியே மந்தி! அவனை அனுப்புடி! நான் அங்க வந்தேன்னு வையி, உன் தோலை உரிச்சிருவேன்!"

சந்தேகம் இருந்திருந்தால் அந்த நொடியில் அது தீர்ந்தது. அவன்தான். நிச்சயமாக அவன்தான். அந்தப் பெயரை வேறு எந்த உயிரும் அறியாது.

நார்மன் கீழிருந்து கம்பளி ஒன்றை எடுத்து வந்து அவள் தோளில் போர்த்தினான். வீங்கிய முழங்கை கண்ணில் பட்டதும் அதன்மேல் உள்ளங்கையை மெல்ல வைத்தான். குளிர்ச்சியில் வலி இறங்கியது.

"இருக்காரு" என்றாள் ஷீனா. குரல் அவளுக்கே சமாதானமாகக் கேட்டது. "இதோ நிக்கறாரே. இவர்தான் என் புருஷன்."

லாக்லன் அவளை ஒரு கணம் பார்த்தான். அப்புறம் போய்த் தோணியை மேலே இழுத்துக் கவிழ்த்துக் கட்டினான், ஒன்றுக்கு இரண்டு முடிச்சாக.

இந்தப் பனியில் நங்கூரத்தை எடுத்து நகர முடியாது. அங்கேயே கிடக்க வேண்டும். கேட்டுக்கொண்டு.

எஃபி ஆட்டுக்கறிக் குழம்பும் ஓட்ஸ் ரொட்டியும் மேசையில் வைத்தாள். லாக்லன் எல்லோருக்கும் விஸ்கி ஊற்றினான், தனக்கு நிறைய. ரேடியோவைத் திருகினான். வானிலை அறிக்கை. அதன் ஒலியைக் கூட்டினான். இன்னும் கூட்டினான்.

"இந்தக் கடல்நாய்ங்க என்ன, வாயே மூடாது போலிருக்கே" என்றாள் எஃபி. இரண்டாவது கோப்பையில் அவள் கன்னம் சிவந்திருந்தது. "எங்க வீட்டுக்காரர் இருந்தா துப்பாக்கியை எடுத்திருப்பாரு."

நார்மன் ஷீனாவின் தட்டில் கறியைச் சின்னச் சின்னதாக நறுக்கிக் கொடுத்தான். தன் பங்கை மெல்லாமல் விழுங்கினான். எலும்பையும். கொதிக்கக் கொதிக்க.

"என்னப்பா பசி" என்றாள் எஃபி.

"ருசியா இருக்கு" என்றான் நார்மன்.

ரேடியோவில் ஒரு அறிக்கைக்கும் அடுத்ததற்கும் நடுவே மௌனம் விழும். அப்போதெல்லாம் அது உள்ளே வரும்.

"ஷீனா, முழங்கால் வரைக்கும் வந்துடுச்சு."

திட்டு இல்லை இப்போது. கெஞ்சல். அவள் கறித்துண்டு ஒன்றைக் குத்தி வாயில் வைத்தாள். மென்றாள்.

"தாழ்ப்பாள் போட்டது தப்பு. தப்புதான் ஷீனா. மன்னிச்சிரு. எல்லாத்துக்கும் மன்னிச்சிரு. என் கண்ணு இல்ல."

எத்தனை இரவு, தலையணையைக் கடித்துக்கொண்டு, இந்த வார்த்தை ஒன்று வந்தால் போதும் என்று கிடந்திருக்கிறாள். இப்போது வந்தது. காதில் விழுந்தது. அதன் ருசியைப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் சொல்லட்டும் என்று தோன்றியது. தோன்றியதும் தன்னைக் கண்டே அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஆனாலும் தோன்றியது தோன்றியதுதான்.

லாக்லன் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு மேசையில் கவிழ்ந்திருந்தான்.

"இடுப்புக்கு மேல. நிக்க முடியல. கால் வழுக்குது."

எஃபி பாட ஆரம்பித்தாள், ஏதோ கோயில் பாட்டு. சுருதி இல்லாமல். உரக்க. அவளுக்கும் தெரிந்துவிட்டது. கண்ணில் தெரிந்தது. பாடுவதை மட்டும் நிறுத்தவில்லை.

"ஷீனா."

பாட்டு.

"ஷீ..."

ஒரு இருமல். தண்ணீரை இருமுகிற இருமல்.

அப்புறம் இல்லை.

எஃபியின் பாட்டு நடுவரியில் நின்றது. படகின் விலாவில் தண்ணீர் நக்கும் ஓசை மட்டும். லாக்லன் எழுந்து ரேடியோவை அணைத்தான். யார் முகத்தையும் பார்க்காமல் தன் மூலைக்குப் போய்ப் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டான். எஃபி தட்டுகளைக் கழுவாமலே போய்ப் படுத்தாள். அவள் அழுவது பலகைச் சுவர் வழியாகக் கொஞ்ச நேரம் கேட்டது.

ஷீனாவும் படுத்தாள். முன்பக்கத்து அறை, இருவர் ஒட்டிப் படுக்கிற இடம். கோடைகாலத்தில் இந்தப் பக்கம் முழுசாக இருட்டாது. வட்ட ஜன்னல் வழியே பால் கலந்த சாம்பல் வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. நார்மன் அவள் பக்கம் திரும்பிப் படுத்து அவள் தலைமயிரைக் கோதினான். நெற்றியிலிருந்து பின்னுக்கு. மறுபடி நெற்றியிலிருந்து. இப்படி யாரும் அவளைத் தொட்டதில்லை. கண் செருகியது. நான் ஒன்றும் செய்யவில்லை, கேட்டதற்குப் பதில்தானே சொன்னேன் என்று நினைத்துக்கொண்டாள். உடம்பு இளகியது.

"ஷீனா."

கண்ணைத் திறந்தாள்.

பாறைப் பக்கமிருந்து இல்லை. வெளியிலிருந்தே இல்லை. மிகவும் பக்கத்தில். ஆனால் தூரத்திலிருந்து வருகிற குரலாக, பனியையும் தண்ணீரையும் கடந்து வருகிற குரலாக.

"கழுத்துக்கு வந்துடுச்சு ஷீனா."

நார்மனின் உதடுகள் சற்றுப் பிரிந்திருந்தன. அவை அசையவில்லை. கை கோதிக்கொண்டிருந்தது.

"ஷீனா, தோணியை அனுப்பு."

உள்ளங்கையை அவன் வாயில் வைத்து அழுத்தினாள். குரல் விரல் இடுக்கில் வந்தது. சில்லென்ற காற்றோடு வந்தது. உப்புத் தண்ணீர் மணிக்கட்டில் வழிந்தது. கையை உதறி எடுத்தாள். எழ முடியவில்லை. தலையைக் கோதும் கை அவ்வளவு மென்மையாக, அவ்வளவு பாரமாக இருந்தது.

அவன் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அன்போடு. இமைக்காமல்.

அவள் பார்க்கட்டும் என்பதுபோல வாயை மெதுவாகத் திறந்தான். இன்னும் திறந்தான். மனித வாய் நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டியும் திறந்தான். பல்வரிசைக்குப் பின்னால் நாக்கு இல்லை. கறுத்த தண்ணீர் விளிம்பு தட்டி நின்றது, சின்னச் சின்ன அலையோடு. அதன் நடுவே, நகத்தளவுகூட இல்லாத ஒரு தலை, நெற்றியில் ரத்தத்தோடு, அண்ணாந்து அவளைப் பார்த்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.