டப்ளின் தாயின் மொட்டைக் கடிதம்

"பேரை மாத்தச் சொன்னாங்க, மாட்டேன்னேன். பேச்சை மாத்தச் சொன்னாங்க, அதுக்கும் மாட்டேன்னேன். இப்ப என் நடத்தையிலேயே கை வச்சுட்டாங்க" என்று சொல்லிவிட்டுத்தான் நெஸ்ஸா கில்லன் உட்கார்ந்தாள்.

அது 1948-ஆம் வருடம். டப்ளின் நகரமே திரையில் பார்த்து மயங்கிய முகம் தன் வீட்டுக்குள் வந்ததில் புரோனாவுக்குத் தலைகால் புரியவில்லை. தேநீரைப் பாதி தட்டில் ஊற்றினாள். அவள் அண்ணன் மாலக்கி, போலீஸ் வேலையை விட்டபின் துப்பறிந்து பிழைப்பவர், அசையவேயில்லை.

"விவரமாச் சொல்லும்மா."

லண்டன் படக் கம்பெனிக்கு மொட்டைக் கடிதம் ஒன்று போயிருந்தது. நெஸ்ஸா குடித்துவிட்டு ஆட்டம் போட்டாளாம். அவள் ஒப்பந்தத்தில் ஒழுக்க விதி இருந்தது. நாளைக்குள் அது பொய்யென்று காட்டாவிட்டால் இந்தப் படம் போகும். பிறகு எந்தக் கம்பெனியும் அவளைச் சேர்க்காது.

"கடுதாசியை என் கண்ணுல காட்ட மாட்டேங்கிறார் கம்பெனியோட விளம்பர அதிகாரி பிம். டப்ளின் தபால் முத்திரை, மார்ச் பத்தொன்பதுன்னு மட்டும் சொன்னார்."

"உங்ககிட்டச் சண்டை போட்டுட்டுப் போனதாப் பேப்பர்ல வந்துச்சே, உங்க உடுப்புக்காரி ஊனா! அவதான் அண்ணே!" என்றாள் புரோனா.

மறுநாள் காலை ஓட்டல் அறையில் பிம், ஊனா உட்பட எல்லோரும் கூடினார்கள். மாலக்கி பழைய போலீஸ் தோரணையில் பிம்மிடமிருந்து கடிதத்தை வாங்கிப் படித்து, மடித்துக் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"மார்ச் பதினேழு சாயங்காலம் எங்கே இருந்தீங்க ஊனா?"

"வீட்லதான். எம் புருஷன் முந்தின நாளே பாட்டில் வாங்கி வைக்க மறந்துட்டு, நாள் முழுக்க என்மேல எரிஞ்சு விழுந்துக்கிட்டிருந்தார்."

"நீங்க, பிம்?"

"லண்டன்ல. பதினெட்டாம் தேதிதான் கப்பல்ல வந்து இறங்கினேன்."

மாலக்கி கடிதத்தை உரக்கப் படித்தார்: "புனித பேட்ரிக் திருநாள் மாலை, டேம் தெரு மதுக்கடையில், மேசைமேல் ஏறி நின்று குடித்தாள். இப்படிக்கு, ஒரு டப்ளின் தாய்."

ஊனாவுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. புரோனாவும் வாயைப் பொத்திக்கொண்டாள். ஊனாவைச் சந்தேகப்பட்டதற்காக வெட்கமாகவும் இருந்தது.

"இதுல சிரிக்க என்ன இருக்கு?" என்று முறைத்தார் பிம். "திருநாள்னா ஐரிஷ்காரங்க கடையே கதின்னு கிடப்பாங்கதானே!"

"மார்ச் பதினேழு, பேட்ரிக் திருநாளன்னிக்கு இந்த நாட்டுல எல்லா மதுக்கடையும் மூடியிருக்கும், பிம். அது சட்டம். டப்ளின்ல எந்தத் தாய்க்கும் இது தெரியாம இருக்காது. மறுநாள் வந்து இறங்கினவருக்குத்தான் தெரியாது. அதுக்கடுத்த நாள் இங்கேயே தபால்ல போட்டுட்டீங்க."

பிம்மின் முகம் வெளுத்தது. "இவ பணிய மாட்டேங்கிறான்னு... மேலிடத்துல அடக்கி வைக்கச் சொன்னாங்க. சரி, கிழிச்சுப் போட்டுடலாம்."

"கிழிக்கறதா?" நெஸ்ஸா கடிதத்தை வாங்கிக் கைப்பைக்குள் வைத்தாள். "இது என்கிட்டயே இருக்கட்டும். சுவரொட்டியில நெஸ்ஸா கில்லன்னு முழுசாப் போடுங்க. படத்துல எங்க ஊர்ப் பேச்சுதான் பேசுவேன். மேலிடத்துல போய்ச் சொல்லுங்க."

பிம் தொப்பியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார்.

"அடுத்த பேட்ரிக் திருநாளுக்கு அவசியம் வாங்க பிம்," என்றாள் நெஸ்ஸா. "தாகம் எடுத்தா எங்க வீட்டுக் கதவைத் தட்டுங்க. பச்சைத் தண்ணி தர்றேன்."