இடப்பக்க இருக்கை

தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்கில் நோம்செபோவிடம் வாடகைக்கு விட நான்கு கார்கள் இருந்தன. அவற்றில் வெள்ளைக் காரில், அது இழுவை வண்டியில் ஏறித் திரும்பி வந்த நாளிலிருந்து ஒரு சின்னச் சிக்கல். பூட்டி நிற்கும் வண்டியின் இடப்பக்க முன் இருக்கையில் ஆள் இருப்பதாக அவள் போன் காட்டியது.

போனுக்குத் தகவல் அனுப்புவது ஸ்டியரிங்குக்கு அடியில் செருகும் ஒரு கருவி, தீப்பெட்டி அளவுதான். வண்டி எங்கே நிற்கிறது, எந்தக் கதவு திறந்தது, எந்த இருக்கையில் ஆள் என்று வண்டியின் மூளையிடம் கேட்டுப் போனுக்குச் சொல்லும். இருக்கைக்குள் எடை அறியும் தகடு உண்டு. உட்கார்ந்தவர் பெல்ட் போடாவிட்டால் மணி அடிப்பது அதனால்தான். சாவியை எடுத்ததும் எல்லாம் தூங்கிவிடும்.

இது தூங்கவில்லை.

கருவியை மாற்றினாள். தகட்டையும் மாற்றினாள். ஆள் இருந்தார். அவளுக்குப் பயம் வரவில்லை. கணவன் சிபோனெலோவைப் புதைத்ததிலிருந்து அவளுக்கு எதுவுமே வரவில்லை.

மூடுபனி இறங்கிய மதியத்தில் அவன் அண்ணன் ஸென்ஸெலே வந்தான்.

"அம்மா சாப்பிட மாட்டேங்குறா. சிபோ இன்னும் வீடு வந்து சேரலைங்குறா."

"நீங்கதானே அண்ணே கூட்டிட்டு வந்தீங்க?"

நெடுஞ்சாலை விபத்தில் போனவன் சிபோனெலோ. அவன் ஆவியை வீட்டுக்குக் கூட்டிவர, அவர்கள் வழக்கப்படி இறந்த இடத்தில் இலந்தைக் கிளையை வைத்து, பெயர் சொல்லி அழைத்து, ஆவி ஏறிய கிளையை அதே வெள்ளைக் காரின் முன் இருக்கையில் உட்காரவைத்து ஸென்ஸெலே கிளம்பியிருந்தான். கிளை கொண்டுவருபவன் வழியில் யாரோடும் பேசக் கூடாது. இறந்தவனிடம் மட்டும் ஒவ்வொரு திருப்பத்தையும் பாலத்தையும் சொல்லிக்கொண்டே வர வேண்டும்.

"லேடிஸ்மித்ல பெட்ரோல் போட நிறுத்துனேன். அப்புறம் வண்டி கிளம்பல."

அவளுக்குத் தெரியும். வாடகைக்காரர்கள் தாண்டக் கூடாதென்று வரைபடத்தில் அவள் போட்ட கோடு. அதற்கு வெளியே அணைத்தால் கருவி மறுபடி ஸ்டார்ட் ஆக விடாது. துக்கத்தில் கோட்டை எடுக்க மறந்திருந்தாள்.

"கிளையோட மினிபஸ் ஏறிட்டேன். அவனுக்கும் ஒரு டிக்கெட்."

"ஒண்ணு போதுமா? ரெண்டு ஆள் இடம் கேக்குற உடம்பாச்சே," என்றாள் அவள். சிரிப்பு வரவில்லை. "வண்டி மாறுறோம்னு சொன்னீங்களா?"

ஸென்ஸெலே காரைப் பார்த்தான்.

"சொல்லலியே, தங்கச்சி."

அந்தக் காரிலேயே உடனே அம்மா வீட்டுக்குக் கிளம்பினார்கள். அவள் ஓட்டினாள். ஸென்ஸெலே பின்னால் உட்கார்ந்து, புதிதாக ஒடித்த கிளையை முன் இருக்கையில் சாய்த்துப் பிடித்தபடி முணுமுணுத்தான்.

"சிபோ, இங்க வலப்பக்கம் திரும்புறோம்... துகேலா ஆறுடா. பாலம் தாண்டுறோம்."

இடப்பக்கக் கண்ணாடியில் மட்டும் மூச்சின் ஈரம் படிந்தது.

படிந்தது, மறைந்தது. மறுபடி படிந்தது.

வீட்டு வாசலில் ஸென்ஸெலே கதவைத் திறந்தான். "வந்தாச்சு. இறங்கு."

இருக்கை காலி என்றது போன். வாசலில் நின்ற மாமியார், "வந்துட்டியாடா," என்று காற்றைத் தொட்டு அழுதாள். நோம்செபோவுக்கு அழுகை வரவில்லை. தனியாகத் திரும்பக் காரில் ஏறிச் சாவியைத் திருப்பினாள்.

மணி அடித்தது.

இடப்பக்க இருக்கை.

"உன் வீடு அதுதான், சிபோ," என்று மெதுவாகச் சொன்னாள். "இறங்கு."

அடித்துக்கொண்டே இருந்தது.

அவள் சாய்ந்து, அந்தப் பக்கத்துப் பெல்ட்டை இழுத்து மாட்டினாள். அது இருக்கையில் ஒட்டிக் கிடக்கவில்லை. ஒரு பெரிய மார்பின் அளவுக்கு முன்னால் தள்ளி, இறுகி நின்றது.

பெல்ட் போட்டால் மணி நிற்கும்.

நின்றது.