ஏழாவது குழி

சதாசிவம் அலுவலகத்திலிருந்து திரும்பியபோது குடியிருப்பின் முன்னால் நடைபாதை பெயர்ந்து கிடந்தது. சிமெண்ட் பலகைகளை எடுத்துவிட்டு, ஒன்பது குழிகளில் நாவல் கன்றுகளை நட்டிருந்தார்கள். தில்லி லோதி ரோட்டை ஒட்டிய அந்த அரசுக் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளராக, இதற்காக இரண்டு வருடம் மனுப் போட்டவர் அவர்தான். ஈர மண்ணின் வாசனையைச் சற்று நின்று முகர்ந்துவிட்டு மாடி ஏறினார்.

2002, பிப்ரவரி மாதம். காலைப் பனிமூட்டம் இன்னும் விட்டிருக்கவில்லை.

மறுநாள் ஏழாவது கன்று குழிக்கு வெளியே கிடந்தது. பிடுங்கி எறிந்ததுபோல் இல்லை. வேரில் ஒட்டு மண் இல்லாமல், யாரோ அலுங்காமல் படுக்க வைத்ததுபோல் இருந்தது.

தோட்டக்கார மாலி திரும்ப நட்டுவிட்டுப் போனான். மறுநாளும் அதே. அதற்கடுத்த நாளும்.

"இது இராஜமாணிக்கம் வேலைதான்" என்றார் சதாசிவம், மனைவி சாவித்திரியிடம். கீழ்வீட்டு இராஜமாணிக்கம் அந்த இடத்தில்தான் தன் காரை ஏற்றி நிறுத்துவார். "மரமே வேணாம்னு கூட்டத்துல கத்துனது அவர் ஒருத்தர்தானே?"

"பதினாலு வருஷப் பழக்கம்ங்க. ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க."

அவர் கேட்கவில்லை. இராஜமாணிக்கத்தின் அலுவலகத்துக்கே புகார் எழுதிவிட்டார். பத்தே நாளில் விளக்கம் கேட்டு மெமோ வந்தது. கைக்கு வரவிருந்த பதவி உயர்வு நின்றுபோனது.

படிக்கட்டில் எதிர்ப்பட்ட இராஜமாணிக்கம் கோபப்படவில்லை.

"சார், நான் அதைத் தொடல. நாளைக்கு ஆறு மணிக்கு என்கூட வந்து நில்லுங்க. நீங்களே பாருங்க."

காலையில் இருவரும் குழிக்கு நான்கடி தள்ளி நின்றார்கள். பனியில் ஆறாவது கன்று தெரிந்தது. எட்டாவது தெரியவில்லை. எங்கோ பால் வண்டியின் சத்தம் கேட்டு ஓய்ந்தது. இராஜமாணிக்கத்தின் கையில் ஏதாவது நூல் கீல் இருக்கிறதா என்று சதாசிவம் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இலை ஆடுது" என்றார் இராஜமாணிக்கம் கிசுகிசுப்பாக.

"காத்து இல்லையே."

கன்று ஒரு விரற்கடை உயர்ந்தது.

நின்றது.

மீண்டும் உயர்ந்தது.

அடியிலிருந்து யாரோ ஒவ்வொரு வேராக விடுவித்து, பொறுமையாக மேலே தள்ளுவதுபோல் இருந்தது. பூட்டிக் கிடந்த அறையைத் திறந்தாற்போல் ஒரு குளிர்ந்த வாடை வந்தது. கன்று முழுவதும் வெளியே வந்து, மெல்லச் சாய்ந்து படுத்தது.

குழியின் அடிமண் ஏறி இறங்கியது.

இராஜமாணிக்கம் சதாசிவத்தின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பிடித்த விரல்களில் நூல் எதுவும் இல்லை.

"இதும்மேலதான் சார் இத்தனை வருஷமா வண்டியை நிறுத்தியிருக்கேன்."

அன்றே சதாசிவம் அந்த அலுவலகத்துக்குப் போய்ப் புகாரைத் திரும்பப் பெற்றார். "அப்படின்னா செஞ்சது யார்?" என்று அதிகாரி கேட்டார். தவறு தன்னுடையது என்று மட்டும் எழுதிக் கையெழுத்திட்டார். மாலைக்குள் ஏழாவது குழியை மட்டும் மூடி, சிமெண்ட் போட்டுப் பூசச் சொன்னார். அது மேலாக இறுகும்வரை அவரும் இராஜமாணிக்கமும் பக்கத்தில் நின்றார்கள்.

விடிந்ததும் சதாசிவம் தனியாக இறங்கி வந்தார்.

சிமெண்டின் நடுவில் ஒரு கைத்தடம்.

எவனோ ஈரத்தில் கை வைத்திருக்கிறான் என்ற எரிச்சலோடு குனிந்து தடவினார்.

பள்ளமாக இல்லை.

ஐந்து விரல்களும் மேல்நோக்கிப் புடைத்திருந்தன.