முப்பத்தோராம் வளை

மாலை ஆறு பத்துக்கு ஓர் ஆந்தை பொட்டல் தரையில் முப்பத்தோராம் வளையின் முன்னால் நின்றிருந்தது. அலகில் ஒரு வெட்டுக்கிளி. அதன் கால் இன்னும் உதைத்துக்கொண்டிருந்தது.

வளையை மதியமே மூடியாகிவிட்டது.

வளைகளைக் கணக்கெடுப்பவன் வண்டியைவிட்டு இறங்கினான். அந்தப் பொட்டல் வெளியில் நாளைக் காலை மண் தள்ளும் இயந்திரம் வரும். அதற்குள் ஒவ்வொரு வளையிலும் குழாய்க் கேமராவை விட்டு, காலி என்று பார்த்த பிறகே மூட வேண்டும். மதியம் இந்த வளைக்குள்ளிருந்து சீறல் வந்தது. பாம்பென்றால் அவனுக்குக் குலை நடுங்கும். கேமராவை விடாமலே, கூட வேலை பார்க்கும் மச்சானிடம் சொல்லிவிட்டான். "பாம்புதான். மூடிடு."

தரைக்குள் கூடு வைக்கும் வளை ஆந்தையின் குஞ்சுகள் பயந்தால் பாம்பு போலவே சீறும். புதிதாக வருகிறவர்களுக்கு அவன் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம் அது.

"ஆந்தையப் பாத்து ஏன் மாமா வெளுத்துப்போறீங்க? எங்கக்காவையே சமாளிக்கிற ஆளு நீங்க."

"டார்ச்சும் மண்வெட்டியும் எடுத்துட்டு வாடா. குஞ்சு உயிரோட இருக்கும்."

மச்சான் வண்டியை நோக்கி நடந்தான். ஆந்தை நகரவில்லை. கணக்கெடுப்பவன் மண்டியிட்டுக் கையாலேயே மண்ணை வாரினான். பகல் சூடு அடியில் இன்னும் மிச்சமிருந்தது, காய்ந்த புல்லும் எச்சமும் கலந்த நெடி மூக்கில் ஏறியது, தொலைவில் மச்சானின் செருப்புச் சத்தம் தேய்ந்துகொண்டே போனது. வளையின் வாய் திறந்தது. சீறல் வந்தது. உயிரோடு இருக்கின்றன. அவனுக்கு அழுகை முட்டியது. தரையோடு படுத்து, தோள்வரை கையை உள்ளே விட்டான்.

விரலில் இறகு பட்டது. வெதுவெதுப்பாக.

சீறல் நின்றது.

உள்ளிருந்து ஒரு குரல், நிதானமாக, "பாம்புதான். மூடிடு" என்றது.

அவன் சொந்தக் குரல்.

கையை இழுத்தான். வரவில்லை. உள்ளே எதுவோ இழுத்தது. தோள் போனது. தலை போனது. உடம்பு முழுக்கப் போனது. மண். வாயில் மண். இருட்டு. சுற்றிலும் வட்ட வட்டமாக மஞ்சள் கண்கள். இமைக்காமல்.

மேலே செருப்புச் சத்தம். நெருங்கியது. டார்ச் வெளிச்சம் வளையின் வாய்வழியே ஒரு கோடாக விழுந்தது.

"மச்சான்!" என்று கத்தினான்.

தொண்டையிலிருந்து சீறல்தான் வந்தது.

வெளிச்சம் சட்டென்று பின்வாங்கியது. மண்வெட்டி தரையில் உரசியது.

"மாமா, எங்க போனீங்க? நீங்க சொன்னது சரிதான், உள்ள பாம்புதான். மூடிடட்டுமா?"