இரண்டு பேருக்கான அட்டை

அருங்காட்சியக வாசலில் உட்கார்ந்திருந்த பெண்மணியின் கையிலிருந்த எண்ணும் கருவி இரண்டு முறை சொடுக்கியது. நீல் மட்டும்தான் உள்ளே வந்திருந்தான்.

"அனுமதி அட்டை ரெண்டு பேருக்கில்ல இருக்கு," என்றாள் அவள். சட்டையில் டெல்ஃபின் என்று பெயர் தைத்திருந்தது. "வீட்டம்மா எங்க கண்ணு?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்த முகம் எப்படி மாறும் என்று அவனுக்குத் தெரியும். பதினான்கு மாதங்களாக ஃபிலடெல்பியாவில் எல்லா முகங்களும் அப்படித்தான் மாறின.

"பின்னாடி வந்துகிட்டிருக்கா."

"நல்ல ஆளுப்பா நீ. பொண்டாட்டியப் பனியில விட்டுட்டு நீ முதல்ல வந்து குளிர் காயறியா?" சிரித்துக்கொண்டே ஒரு மஞ்சள் ஸ்டிக்கரை அவன் கோட்டில் ஒட்டினாள். இன்னொன்றை மேசை விளிம்பில் வைத்தாள். "வந்ததும் எடுத்துக்கட்டும். நாலரைக்குப் பூட்டணும். உள்ள போன தலையும் வெளிய வந்த தலையும் சரியா இருந்தாத்தான் பூட்டுவேன்."

கரீன் எழுதி வைத்த பட்டியலில் ஏழு இடங்கள். ஓவியக் கூடங்கள், பழைய சிறை, கல்லறைத் தோட்டத்துத் தேவாலயம் என்று ஆறை இருவரும் சேர்ந்தே பார்த்தார்கள். ஏழாவது, கப்பல் வணிகர் ஒருவரின் இந்தச் செங்கல் வீடு. அதற்குள் அவள் நோயில் படுத்துவிட்டாள். இன்று இதைப் பார்த்துவிட்டுப் பட்டியலைக் கிழித்துப் போட வேண்டும். நாளை அவளுடைய துணிகளை எடுத்துக் கொடுத்துவிட வேண்டும். இன்று முடியாவிட்டால் என்றுமே முடியாது.

ஜனவரி மாதத்து வேலை நாள், வேறு யாருமில்லை. தேன்மெழுகும் பழைய கரியும் கலந்து மணத்த கூடத்தில், கயிற்றுக்கு அப்பால் யாரும் உட்காரக் கூடாத நாற்காலிகளும், சுவரில் வெளுத்த முகங்களோடு வணிகரின் குடும்பமும், நெளிந்த கண்ணாடி வழியே வந்து தரையில் தேங்கி நின்ற சாம்பல் நிற வெளிச்சமும் அவனுக்காகவே காத்திருந்ததுபோல் இருந்தன. எதையும் படிக்காமல் மாடியேறினான்.

இரண்டாவது அறையில் இருந்தபோதுதான் கேட்டது. முந்திய அறையில் காலடிச் சத்தம். நாலு எட்டு, ஒரு நிறுத்தம். மறுபடி நாலு எட்டு, ஒரு நிறுத்தம்.

ஒவ்வொரு குறிப்பட்டையின் முன்னாலும் நின்று படிக்கிற நடை.

கரீன் அப்படித்தான். எங்கே போனாலும் ஓர் அறை பின்தங்கியே வருவாள். "வா, மூடிடப் போறாங்க," என்று இவன் கத்த வேண்டும்.

அவன் திரும்பவில்லை. திரும்பினால் காலியான வாசல்தான் இருக்கும். திரும்பாத வரை அவள் இருந்தாள். பதினான்கு மாதங்களில் முதல்முறையாக நெஞ்சுக்குள் ஏதோ இளகியது. அடுத்த அறைக்கு மெதுவாக நடந்தான். பின்னால் அதே நடை. அதற்கடுத்த அறை. அதே நடை.

"கரீன்?" என்றான் சுவரைப் பார்த்தபடி.

நடை நின்றது. பிறகு நிறுத்தமே இல்லாமல் வந்தது. நேராக. பலகைகள் அழுந்தின. ஈரக் கம்பளியின் வாடை. கழுத்துக்குப் பின்னால் அல்ல, உச்சந்தலைக்கு மேலே ஒரு குளிர்ந்த மூச்சு.

ஓடினான். படிகள். கூடம். வாசல்.

மேசை விளிம்பில் ஸ்டிக்கர் இல்லை.

"வீட்டம்மா வந்தாங்களே, பாத்தியா?" டெல்ஃபின் சாவிக்கொத்தைத் தேடிக்கொண்டிருந்தாள். "என்னா உயரம்! குனிஞ்சுதான் வாசல்ல நுழைஞ்சாங்க. தலையோட போத்தியிருந்தாங்க, முகமே தெரியல. ஒரு வணக்கமாவது சொல்லக் கூடாதா?"

கரீன் அவன் நெஞ்சளவுதான்.

"அது என் மனைவி இல்ல," என்றான். "அவ செத்துட்டா. நான் பொய் சொல்லிட்டேன்."

அந்த முகம் அவன் எதிர்பார்த்தபடி மாறவில்லை. அவள் அவனைப் பார்க்கவே இல்லை. அவன் தோளுக்குப் பின்னால் பார்த்தாள். பிறகு மேலே. இன்னும் மேலே.

கருவி சொடுக்கியது. ஒன்று.

மறுபடி சொடுக்கியது. இரண்டு.

"சரியாப் போச்சு," என்றாள் கிசுகிசுப்பாக. "போயிடு கண்ணு. ரெண்டு பேரும் போயிடுங்க."

பின்னால் தாழ் விழுந்தது.

வெளியே தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. பார்த்து முடித்துப் போகிறவர்கள் ஸ்டிக்கரை அந்த விளக்குக் கம்பத்தில்தான் ஒட்டுவார்கள். கை எட்டுகிற உயரம் வரை கம்பம் முழுக்க மஞ்சள். முன்பு பார்த்த ஆறு இடங்களிலும் இவன் ஒட்டியதற்குச் சற்றுக் கீழே, கால் கட்டை விரலில் எம்பி, கரீன் தன்னுடையதை ஒட்டியிருந்தாள். பழக்கம் விடவில்லை. கோட்டிலிருந்து உரித்து ஒட்டினான்.

கீழே எதுவும் வரவில்லை.

மேலே, யார் கையும் எட்டாத இடத்தில், விளக்குக் கண்ணாடிக்கு அடியில், ஒரு மஞ்சள் வட்டம் வந்து ஒட்டிக்கொண்டது. அதன் சுருக்கங்கள் ஒவ்வொன்றாக, மெதுவாக, நீவப்பட்டன.

அப்புறம் அவன் இடது முழங்கையை, கரீன் பிடிக்கும் அதே இடத்தில், மிக உயரத்திலிருந்து நீண்டு இறங்கி வந்த ஒரு கை கோத்துக்கொண்டது.