நெற்றியில் எழுதிய நேரம்

பட்டப்பகலில் ஜேடர்பாளையம் கரும்பாலைக்குள் ஆஸ்பத்திரி வேன் நுழைந்தபோது, அதில் முதலுதவி பார்க்கும் கண்ணுசாமிக்கு ஒரு பயமும் இல்லை. கொதிக்கும் பாகின் வாசனை, சக்கைப் புகை, ஆளுக்கொரு யோசனை சொல்லும் ஊர்ச்சனம் என்று எல்லாம் வழக்கம்போலத்தான் இருந்தன. பொன்னாயியின் கை ஆலை உருளையில் சிக்கி முழங்கைவரை நசுங்கியிருந்தது.

தோளுக்குக் கீழே துணியைச் சுற்றி, குச்சி செருகி முறுக்கினான். ரத்தம் நின்றது. எழுபத்தொன்றாம் வருஷச் சண்டையில் பட்டாளத்து மருத்துவப் பிரிவில் இருந்த செங்கோட்டையன், வேன் ஆட்களுக்குப் பழக்கிவிட்ட முறை அது. கட்டை அவிழ்க்காமல் நெடுநேரம் விட்டால் அந்த உறுப்பே செத்துவிடும். அதனால் கட்டிய நேரத்தை நீலப் பென்சிலால் நெற்றியில் எழுத வேண்டும். டாக்டர் கண்ணில் முதலில் படுவது நெற்றிதான். பொன்னாயியின் நெற்றியிலும் எழுதினான்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் சண்டைக்களத்துக்கு யாருடைய தாயும் திருநீற்றோடு ஓடி வருவதில்லை.

போன ஆடியில், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் வேலை பார்த்த மயில்சாமிக்கு வலது காலில் இதே கட்டு. அவன் தாய் ஆத்தாயி, முந்தானையால் மகன் நெற்றியைத் துடைத்து, திருநீறு பூசி, இடுப்புவரை கம்பளி போர்த்திவிட்டாள். கண்ணுசாமி அவனை ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டு அடுத்த விபத்துக்கு ஓடிவிட்டான். உள்ளே நெரிசலில் கம்பளிக்கு அடியில் இருந்த கட்டை யாரும் பார்க்கவில்லை. கால் அழுகி மயில்சாமி செத்தான். காரணம் தெரிந்த அன்றே ஆத்தாயி கிணற்றில் விழுந்தாள்.

அதனால்தான் பொன்னாயியின் தாய் உண்ணாமலை திருநீற்றுச் சம்புடத்தைத் திறந்ததும் கண்ணுசாமி குறுக்கே கை நீட்டினான்.

"நெத்தியத் தொடாதீங்க ஆத்தா. அதப் பாத்துத்தான் கையக் காப்பாத்துவாங்க."

அவள் தலையாட்டிவிட்டு முன்னால் டிரைவர் வெங்கடாசலத்தின் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். பின்னால் பொன்னாயியும் அவனும் மட்டும்.

பரமத்தி தாண்டியதும் திருநீற்று வாசனை வந்தது.

திரும்பிப் பார்த்தான். பொன்னாயியின் நெற்றியில் எழுத்தைக் காணோம். மூன்று விரல் ஈரத் திருநீறு இருந்தது.

துடைத்தான். மறுபடி எழுதினான். ஜன்னலை மூடினான், எதற்கு மூடினோம் என்று அவனுக்கே தெரியவில்லை.

கிணற்றுப் பாசி வாடை.

எழுத்து மறுபடியும் போயிருந்தது.

உள்ளங்கையால் அவள் நெற்றியை மூடிக்கொண்டான். அந்தக் கையின்மேல் ஒரு ஈரச்சேலை பொறுமையாகத் துடைத்தது. பயத்தில் அவனுக்கு அழுகை வந்துவிட்டது. கையை மட்டும் எடுக்கவில்லை.

பொன்னாயி கண் திறக்காமல் முனகினாள்.

"ஏனுங்க, அந்தம்மா என்னைய மயில்சாமிங்கறாங்க."

நாமக்கல்லில் அவன் வாசலோடு நிற்கவில்லை. கூடவே ஓடி, கட்டைக் காட்டி, நேரத்தை வாயாலேயே டாக்டரிடம் சொன்னான். கை பிழைத்துக்கொள்ளும் என்றார்கள். உண்ணாமலை அவனைக் கையெடுத்துக் கும்பிட்டாள். போன உயிர் திரும்பியதுபோல வேனுக்கு வந்து, வெங்கடாசலத்தின் பக்கத்தில் சாய்ந்து கண்ணை மூடினான்.

வெங்கடாசலம் சிரிப்பது கேட்டது.

"அதுக்குள்ள எந்தக் கோயலுக்குப்பா போயிட்டு வந்தே?"

கண்ணுசாமி நெற்றியைத் தொட்டான். விரலில் ஈரத் திருநீறு ஒட்டியது.

"இந்த வேகாத வெயில்ல கம்பளி வேற."

குனிந்து பார்த்தான். இடுப்புவரை ஒழுங்காகப் போர்த்தியிருந்தது. இறங்கி ஓடப் பார்த்தான்.

வலது கால் இருப்பதே தெரியவில்லை.