நலத்தட்டு சொன்னால் போகலாம்

குளியலறைத் தரையில் பதித்த நலத்தட்டில் காலையில் ஏறி நின்றால் போதும். பாதத்தின் வழியே ரத்த அழுத்தம், சர்க்கரை, கருப்பையின் நிலை எல்லாவற்றையும் அது படித்துவிடும். சரியாக இருந்தால் குடும்பத் தலைவரின் கைப்பேசியில் பச்சை. கோளாறென்றால் சிவப்பு, மகளிர் நல நிலையத்துக்கு அழைத்துப்போக ஓட்டுநரில்லாத ஆட்டோ வாசலில் வந்து நிற்கும். பச்சை காட்டிய பெண்ணுக்கு நிலையத்தில் வேலையில்லை.

கடையநல்லூர்ப் பக்கத்து ஊர்களில் வீடு வீடாகப் போய்த் தட்டைப் பதிக்கச் சொன்னவர் செவிலியர் பிரிசில்லா. கர்ப்பிணிகள் வெயிலில் வரிசையில் நின்று மயங்கி விழுந்த காலம் அவர் கண்முன்னே முடிந்தது. அதில் அவருக்குப் பெருமை உண்டு.

அதனால்தான் மாரிச்செல்வி வீட்டுத் தட்டு அவரை உறுத்தியது. அந்த மாதம் மூன்றாம் முறையாகச் சிவப்பு. நிலையத்தில் சோதித்தால் ஒன்றுமில்லை.

“காலையில சர்க்கரை பாதாளத்துல கெடந்திருக்கு. இப்ப எப்படிம்மா சரியாச்சு?”

“இங்க வாசல்ல ரெண்டு வடை தின்னேன்க்கா.”

“வடையே சரிபண்ணிரும்னா எனக்கு என்னத்துக்குச் சம்பளம்?”

மாரிச்செல்வி சிரித்தாள். அவள் கையில், முழங்கைக்கு மேலே, நீலமாக ஒரு திட்டு. ரத்தம் உறைவதில் குறையோ என்று பிரிசில்லா அதையும் சோதித்தார். குறையில்லை.

“கொஞ்சம் படுத்துக்கிடட்டுமாக்கா?”

“படு. ஆட்டோ வர நேரமிருக்கு.”

தூங்கி எழுந்து கிளம்பியவள் கதவருகே நின்றாள்.

“அடுத்த தடவை வரும்போது ஒண்ணு சொல்லணும்க்கா.”

“இப்பவே சொல்லேன்.”

“அடுத்த தடவை.”

நல்ல உடம்புக்காரியைத் தட்டு வீணாக அலைக்கழிக்கிறது என்று அன்றே பிரிசில்லா புகார் சொன்னார். சில நாட்களில் சென்னையிலிருந்து பொறியாளர் அழைத்தார்.

“தட்டுல தப்பில்ல சிஸ்டர். அந்தப் பொண்ணுதான் முந்தின நாள் பூரா சாப்பிடாம ஏறி நிக்குது. தேடிப் பார்த்தா உங்க பக்கம் நிறைய பேர் இப்படித்தான். இனிமே வேணும்னே கிடக்குற பட்டினியைத் தட்டு கழிச்சிட்டுப் பச்சைதான் காட்டும். அந்த மாத்தத்தை நேத்தே எல்லா வீட்டுத் தட்டுக்கும் அனுப்பியாச்சு. நீங்க சொன்னதாலதான் தெரிஞ்சுது, ரொம்ப நன்றி.”

அந்த நீலத் திட்டு நான்கு விரல்களின் அகலம் இருந்தது பிரிசில்லாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

அன்றைக்கே அவர் வீடு தேடிப் போனபோது மாரிச்செல்வியின் கணவன் சண்முகவேல் வாசலுக்கே வந்து வரவேற்றான்.

“வாங்கக்கா. தட்டு பச்சைதானே காட்டுது?”

“தட்டுலதான் ஏதோ கோளாறு. மாரிச்செல்வியை நிலையத்துக்குக் கூட்டிப்போய்ப் பாக்கணும்.”

அவன் கைப்பேசியைத் தொட்டுப் பார்த்தான். “கோளாறுன்னா அதுவே சொல்லிருமே. பழுது எதுவும் இல்லையாம். நேத்துதான் சரிபண்ணிருக்காங்க.” கைப்பேசியை அவர் பக்கம் திருப்பிக் காட்டினான். “நீங்க சொல்லித்தான் வச்சோம். இப்ப சரிபண்ணதுக்கப்புறம் அலைச்சலே இல்லக்கா. ஏட்டி, அக்காவுக்குக் காப்பி கொண்டா.”

மாரிச்செல்வி டம்ளருடன் வந்தாள். அவன் நகரவில்லை.

“நல்லா இருக்கேன்க்கா,” என்றாள்.

பிரிசில்லா இன்னும் எதுவும் கேட்டிருக்கவில்லை.